இலுப்பை மரத்துப் பூவுக்குப் பெயர் சொன்னவர்கள்

(உத்திரமேரூரில் இயற்கை ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆர்க்கிட் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அதற்கு ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ அல்லவா போக வேண்டும், உத்திரமேரூரில் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் நாட்டிலுள்ள ஆர்க்கிட்டுகளைத் தொகுத்தபோது 1,256 இனங்கள் கணக்கில் வந்தன. பெரும்பகுதி கிழக்கு இமயத்திலும், வடகிழக்கு மாநிலங்களிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்பவை. ஏரியும் நெல்வயலும் முட்புதர்க் காடுமாகக் கிடக்கும் நம் சமவெளிக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒன்று, வாண்டா என்ற பேரினத்துக்கே மாதிரியாக நிறுத்தப்பட்ட செடி. ஒரு பேரினத்தின் பெயர் எந்தச் செடியோடு பிணைந்திருக்கிறது என்று காட்ட ஓர் இனத்தை ஆதாரமாக வைப்பது தாவரவியல் வழக்கம். பாங்காக் சந்தையிலும் சிங்கப்பூர்ப் பூங்காவிலும் வண்ண வண்ணமாகத் தொங்குகிற வாண்டாக்களுக்கெல்லாம் ஆதாரம், நம் ஊர்களில் இலுப்பை, மா, வேம்பு, புளி என்று கிடைத்த மரத்தில் தொற்றி வளரும் வாண்டா டெஸ்ஸெலேட்டாதான்.

அதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இலைகள் வார்போல நீண்டு, நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக அடுக்கப்பட்டிருக்கும். இலையின் நுனி கூராக முடியாது. யாரோ கடித்துத் துப்பியதுபோல் ஏறுமாறாக வெட்டுப்பட்டிருக்கும். விரல் பருமனில் வேர்கள் பட்டைமேல் ஓடும், சில அந்தரத்தில் தொங்கும். காய்ந்திருக்கும்போது வேர் வெள்ளிநிறம். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருங்கள், கண்முன்னே பச்சையாகும். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை நீரைக் குடித்ததும், உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. வேரும் இலையின் வேலையில் பங்கு எடுத்துக்கொள்கிற செடி இது. கோடையில் இலைகளின் இடுக்கிலிருந்து ஒரு தண்டு நீண்டு சில பூக்கள் வரும். இதழ்களின் வெளிப்புறம் வெள்ளை. உட்புறம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், பாலும் பழமும் சேலையில் கட்டம் ஓடுவதுபோலப் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நடுவில் இருக்கும் உதடு மட்டும் நீலமோ ஊதாவோ என்று சொல்ல முடியாத நிறம். இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ அதற்கு, கட்டம் போட்டது என்ற பொருளில், டெஸ்ஸெலேட்டா என்று பெயர் வைத்தார்.

இத்தனை அழகான செடியை நம் ஊர்களில் பலர் வெட்டிப் போடுகிறார்கள். புல்லுருவி என்று நினைத்துத்தான். வாண்டா தொற்றிய ஓர் இலுப்பை மரத்தடியில், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தப் பேச்சு வந்தது. "தம்பி, அது புல்லுருவி. வுட்டா மரத்த உறிஞ்சிப்புடும்" என்றார். "ஐயா, வேர் எங்கே போவுதுன்னு ஒரு தரம் பாருங்களேன்" என்றேன். கொம்பால் இலையை விலக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: "பட்டைக்கு மேலதான் ஓடுது. உள்ள எறங்கல. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மரத்துல இருக்கு தம்பி, மரம் ஒண்ணும் காயலையே." தாவரவியல் வகுப்பில் தொற்றுத்தாவரத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள வேறுபாடு என்று பக்கம் பக்கமாகச் சொல்லித்தருவதை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். புல்லுருவி கிளையின் மரத்துக்குள்ளேயே உறிஞ்சுவேரை இறக்கி, அங்கிருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும். அது கிளைவிட்டுப் புதராக வளரும் மரச்செடி. வாண்டா மரத்தைப் பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. மழை, பனி, பட்டையில் படியும் தூசு, மக்கு ஆகியவற்றிலிருந்தே நீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பெரியவர் சொன்னதை நான் வெறும் கதையாகச் சொல்லவில்லை. அப்பன் காலத்திலிருந்து அதே மரத்தில் இருக்கிறது என்பது தகவல். எந்த ஆய்வாளரும் ஒரே மரத்தை அத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு செடிக்குப் பெயர் சொல்வது ஒருவர் வேலை இல்லை என்பதுதான் இன்று நான் உங்கள் முன்னால் வைக்க வந்த கருத்து. அதற்கு இந்த மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது.

1768-இல் ஜொஹான் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அது டென்மார்க்காரர்களின் ஊர். கோனிக், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸிடம் நேரே பாடம் கேட்டவர். பிறகு ஆற்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் இயற்கையியலாளராக வேலை பார்த்தார். அவரைச் சுற்றி ஒரு வட்டம் உருவாயிற்று. மிஷன் பாதிரியார்கள் ஜான், ராட்லர், மருத்துவர்கள் கிளைன், ஹைனே, வடக்கே ராக்ஸ்பரோ என்று பலர். தங்களை ஒன்றிணைந்த சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் கண்ட செடியை மற்றவருக்கு அனுப்புவார்கள், பெயரைக் கலந்து பேசி முடிவு செய்வார்கள், பிறகு ஐரோப்பாவில் உள்ள அறிஞர்களுக்கு அனுப்புவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. புதுப் பெயருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். இவர்களோ பல தாள்களில் நோபிஸ் என்ற லத்தீன் சொல்லை எழுதினார்கள். நம்மால் வைக்கப்பட்டது என்று பொருள்.

அந்த வட்டத்தில் ராட்லரை நம் பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கண்ட செடிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள், ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோவின் குறிப்புரையோடு 1803-இல் ஜெர்மானிய மொழியில் அச்சாயின. பிற்காலத்தில் வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த ராட்லர் இவரேதான். செடிக்குப் பெயர் தேடியவரும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடியவரும் ஒரே ஆள் என்பது எனக்கு வியப்பாக இல்லை. இரண்டுக்கும் ஊராரிடம் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

நம் முட்புதர்க் காடுகளில் தரையில் வளரும் ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. மண்மேல் கூம்பு போன்ற பச்சைக் கிழங்கு, அதிலிருந்து புல்போல நீண்ட இலை, அதற்கும் மேலே உயர்ந்த தண்டில் இடைவெளி விட்டுப் பச்சை கலந்த வெளிர்நிறப் பூக்கள், உதட்டில் ஊதா வரிகள். யுலோஃபியா எபிடென்ட்ரேயா என்பது அதன் பெயர். பெயருக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது பாருங்கள். விவரித்தவர் கோனிக். அவர் 1785-இல் இறந்துவிட்டார். ஸ்வீடனில் ரெட்சியஸ் 1791-இல் தன் நூலில் அதை அச்சேற்றினார். சரியான பேரினத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் ஃபிஷர், 1928-இல். கேம்பிள் எழுதத் தொடங்கி முடிக்காமல் இறந்துபோன சென்னை மாகாணத் தாவர நூலை முடித்துக்கொடுத்தவர் அவர். ஒரு பெயர் நிலைக்க ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை.

இலுப்பை மரத்து வாண்டாவுக்கும் இதே கதைதான். ராக்ஸ்பரோ 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்ற பெரிய நூலில் எபிடென்ட்ரம் என்ற பேரினத்தில் அதைச் சேர்த்தார். 1820-இல் ராபர்ட் பிரவுன், வில்லியம் ஜோன்ஸ் எடுத்தாண்ட வாண்டா என்ற பெயரைப் பேரினமாக்கினார். பிறகுதான் ராக்ஸ்பரோ முதலில் வைத்த டெஸ்ஸெலேட்டாவும் அதோடு வந்து சேர்ந்தது.

நூல்களில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெயர்கள். கேட்கும்போது நம் ஆட்கள் யாருமே இல்லையா என்று உறுத்தும். இருந்தார்கள். 1678-இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ், கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரில் இருந்தாலும், அதன் உள்ளடக்கத்துக்கு இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் துணை நின்றார்கள். நூலே அவர்கள் பெயரைப் பதிவு செய்திருக்கிறது. மரவாழை வகைகள் என்று நாம் சொல்லக்கூடிய ஆர்க்கிட்டுகள் அதன் கடைசித் தொகுதியில் வருகின்றன. இன்னொருவர் கோவிந்து. தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. வைட்டுக்காகத் தாவரங்களை வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட், கோவிந்துவின் பெயரை வைத்தார். அது இப்போது டிராபிடியா என்ற பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. பெயர் பழைய நூல்களில் மட்டும் இருக்கிறது. உதட்டின் மடிப்பையும் வேரின் வளைவையும் மாதக்கணக்கில் உற்றுப் பார்த்துத் தீட்டிய ஓவியருக்குச் செடியைப் பற்றித் தெரிந்தது, விவரணை எழுதியவருக்குத் தெரிந்ததைவிடக் குறைவாக இருந்திருக்காது. அந்தப் பேரினப் பெயர் நிலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சி.

சரி, இன்றைக்கு வருவோம். நீங்கள் ஒரு மரத்தில் ஆர்க்கிட்டைப் பார்க்கிறீர்கள். பூ இல்லை. பெயர் தெரிய வேண்டும். படம் எடுத்து நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவர் வாண்டா என்கிறார், இன்னொருவர் அகாம்பே என்கிறார். இருவரும் தெரிந்தவர்கள்தான். அகாம்பே ப்ரேமோர்சாவையும் அதே ராக்ஸ்பரோ அதே 1795 நூலில்தான் விவரித்தார். அதுவும் மரத்தில் தொற்றும், அதற்கும் வார் இலை, வெட்டுப்பட்ட நுனி. இலை தடித்துக் குட்டையாக இருப்பது ஒரு குறிப்பு. பூ வந்தால் சந்தேகமே இல்லை: சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள், அவற்றில் சிவப்புப் பட்டைகள், நெருக்கமான கொத்து. பூ இல்லாத நாளில் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அதே மரத்துக்குக் கோடையில் திரும்பப் போக வேண்டும். உங்களால் போக முடியாவிட்டால், அந்த மரத்தடியில் தினமும் ஆடு மேய்ப்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அப்படிச் சொல்லி வைக்க ஆள் இருப்பதைத்தான் நான் தோழமை என்கிறேன்.

தரை ஆர்க்கிட்டுகளில் சிக்கல் இன்னும் கூடும். ஹெபனேரியா வகைகளில், இலை தரையோடு ஒட்டிப் படிந்து, நடுவிலிருந்து ஒரு தண்டில் வெள்ளைப் பூக்கள் வரும் இனங்கள் உண்டு. ஹெபனேரியா ராக்ஸ்பரியையும் ஹெபனேரியா பிளான்டஜினியாவும் அப்படிப்பட்டவை. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். உதடு எப்படி மூன்றாகப் பிளந்திருக்கிறது, ஓரம் வெட்டுப்பட்டதா, பூவுக்குப் பின்னால் வால்போலத் தொங்கும் தேன்குழல் எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்தாக வேண்டும். ஆகவே பிள்ளைகளே, படம் எடுக்கும்போது பூவின் முகத்தை மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று எடுங்கள், தேன்குழல் தெரியட்டும். பின்புறம் ஒன்று. இலை நுனி ஒன்று. முழுச் செடி, அது பிடித்திருக்கும் பட்டை, மரம் எல்லாம் வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். தேதி, மரத்தின் பெயர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெயிலா நிழலா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எதையும் பறிக்க வேண்டாம்.

கைபேசிச் செயலிகள் நொடியில் ஒரு பெயரைக் காட்டும். அதை விசாரணையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். பூவில்லாத இலையைக் காட்டி முடிவான பெயர் எதிர்பார்ப்பது வீண். அடுத்த படி, படத்தையும் குறிப்பையும் இன்னொருவர் பார்ப்பது. அதற்கடுத்தது நூல். கேம்பிள்–ஃபிஷர் நூல் இன்றும் பயன்படுகிறது. திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நடத்திய மத்தேயு பாதிரியார் 1980களில் கொண்டுவந்த தமிழகச் சமவெளித் தாவர நூல்களும் உண்டு. கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம். அங்கே காய்ந்த செடியின் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் மேலே போகப் போக ஒரு பதில் அடிக்கடி கேட்கும்: இது ஹெபனேரியா, இதற்குமேல் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பதிலைக் கேட்டு மனம் சுருங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைப் பெரிய மரியாதையாக நினைக்கிறேன். என்ன தெரிகிறது, எது தெரியவில்லை, தெரிய எதைக் கொண்டுவர வேண்டும் என்று மூன்றையும் அவர் சொல்லிவிட்டார். தவறான பெயர் கேடு செய்யும். ராஸ்னா என்று ஆயுர்வேத நூல்கள் சொல்லும் மருந்துக்கு வங்காளத்தில் நம் வாண்டாவின் வேரை எடுக்கிறார்கள், கேரளத்திலும் தமிழகத்திலும் அரத்தைக் கிழங்கை எடுக்கிறார்கள், வடக்கே புளுச்சியா என்ற செடியை எடுக்கிறார்கள். மூன்றும் மூன்று குடும்பச் செடிகள். மூட்டு வலிக்காரர் எதைக் குடிக்கிறார் என்பது பெயரைப் பொறுத்திருக்கிறது.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். செடியை நண்பர்களிடம் காட்டுங்கள். இடத்தை எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள். நான் சொன்ன இலுப்பை மரம் எந்த ஊரில் இருக்கிறது என்று இதுவரை சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியையை எண்ணிப் பாருங்கள். 1865-இல் கண்டறியப்பட்டது. பிறகு காணாமல் போய்விட்டது என்றே நினைத்தார்கள். 1970களில் திரும்பக் கண்டெடுத்த செய்தி பரவியதும் சேகரிப்போர் போய் வாரிக்கொண்டு வந்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. எல்லா ஆர்க்கிட்டுகளும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆசையாகப் பெயர்த்துக்கொண்டு போய் வீட்டில் வைத்தாலும் தரை ஆர்க்கிட் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆர்க்கிட்டின் விதை தூசிபோல இருக்கும். முளைக்கும் குருத்துக்குக் கொடுக்க அதில் சேமித்த உணவு ஏதும் கிடையாது. மண்ணிலோ பட்டையிலோ இருக்கும் ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் அது வளரும். நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் 1899-இல் இதைக் கண்டார். ஆக, செடியைப் பெயர்ப்பவர் அதன் பாதியைத்தான் எடுத்துப் போகிறார். மீதிப் பாதி மண்ணில் கிடக்கிறது. அதே காரணத்தால்தான் பழைய மரம் விழுந்தால் வாண்டாவுக்கு நேரும் இழப்பு பெரிது. புதுக் கன்று நட்டால் மரத்துக்கு மரம் சரியாகிவிடும் என்பார்கள். சொரசொரத்த பட்டையும், அதிலே குடியேறிய பூஞ்சையும் வர ஒரு தலைமுறை வேண்டாமா? சாலையை அகலப்படுத்த அடையாளம் போட்ட புளியையும் இலுப்பையையும் வெட்டுவதற்கு முன்னால், கிளைகளை ஒருமுறை அண்ணாந்து பார்க்க ஊரில் இரண்டு பேராவது வேண்டும். பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை உடைய ஊர் இது. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த ஓலை வழியாகத் தேர்ந்த வாரியங்களில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் இருந்தது. அவ்விரண்டிலும் இருந்து பழகியவர்களில், வயதிலும் கல்வியிலும் மூத்தவர்கள்தான் ஆண்டு வாரியத்தில் உட்கார்ந்தார்கள். மரங்களைக் கவனிப்பது ஊர் ஆட்சிக்கான படிப்பு என்று நினைத்த ஊர் இது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தை, மாசி மாதங்களில் ஏரிக்கரைச் சரிவிலும் வரப்பிலும் ஈரமான புல்தரையிலும் உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. ஒரு சாண்கூட உயராத செடி, செம்பு படர்ந்த தண்டு, ஒடுங்கிய இலை, நுனியில் நெருக்கமாகச் சின்ன வெள்ளைப் பூக்கள், உதடு மட்டும் மஞ்சள். சூக்ஸைன் ஸ்ட்ராட்டியுமாட்டிகா. பால் ஹெர்மன் இலங்கையில் சேகரித்துக் கொண்டுபோனதை வைத்து 1753-இல் லின்னேயஸ் பெயர் வைத்தார். 1930களில் அது அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வீட்டுப் புல்தரைகளில் தானாக முளைக்கிறது. புல் செதுக்குபவர்கள் களையென்று கொத்திவிடுகிற இந்தச் செடியை உத்திரமேரூர் ஏரிக்கரையில் இந்தப் பருவத்தில் யாராவது கண்டால், பக்கவாட்டுப் படம், தேதி, எந்தப் புல்லோடு நின்றது என்ற குறிப்பு மூன்றையும் கொண்டு வாருங்கள். காணவில்லை என்றால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். தேடியும் இல்லை என்பது அடுத்து வருபவருக்குப் பயன்படும் தகவல்.

என் பேச்சு இவ்வளவுதான். நான் வரும்போதே முன்வரிசையில் இருக்கும் இந்தப் பெண் பிள்ளை, வேப்பமரத்தில் எடுத்த ஏதோ ஒரு படத்தைக் காட்ட வந்தாள்; கூட்டம் முடியட்டும் என்று சொல்லியிருந்தேன். அம்மா, அந்தப் படத்தைக் கொண்டு வா. பெரியவர்களும் பக்கத்தில் வாருங்கள், எல்லோருமாகச் சேர்ந்து இலை நுனியிலிருந்து தொடங்கலாம்.